மேற்கு சஹாரா: வாக்கெடுப்பு இல்லாத சுயநிர்ணயம்

மேற்கு சஹாரா சிக்கலுக்கான பேச்சுவார்த்தை இனி மொராக்கோ 2007 இல் முன்வைத்த தன்னாட்சித் திட்டத்தின் அடிப்படையில் நடைபெற வேண்டும் என்றும், மொராக்கோவின் இறையாண்மைக்கு உட்பட்ட உண்மையான தன்னாட்சியே மிகவும் சாத்தியமான தீர்வாக அமையக்கூடும் என்றும் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 2025 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 2797 ஆம் தீர்மானம் கூறுகிறது. 11 நாடுகள் அதை ஆதரித்தன. ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் ஆகிய மூன்றும் நடுநிலை வகித்தன. அல்ஜீரியா வாக்களிப்பில் பங்கேற்கவே இல்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவும், 2022 மார்ச்சில் ஸ்பெயினும், 2024 ஜூலையில் பிரான்சும் அடுத்தடுத்து மொராக்கோவின் பக்கம் சாய்ந்தபோது உருவான கருத்து, இத்தீர்மானத்தின் வழியாக ஏறத்தாழ உலகப் பொதுக்கருத்து என்னும் தகுதியைப் பெற்றுவிட்டது. அந்நிலத்தின் மக்களான சஹ்ராவிகளுக்குச் சுதந்திரம் எட்டாதது, பொதுவாக்கெடுப்பு நடவாதது, ஆகவே தன்னாட்சியே யதார்த்தம் என்பது அக்கருத்தின் சாரம்.

அக்கருத்தை அதன் ஆதரவாளர்கள் சொல்லும் வலுவோடேயே எடுத்துரைப்பது முறையாகும். 1884 முதல் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த, ஏறத்தாழ 2,66,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் மொராக்கோ சுல்தான்களுக்குப் பணிந்த பழங்குடிகளின் வாழிடமாக இருந்தது என்பதும், அதன் பெரும்பகுதியை அரை நூற்றாண்டாக நிர்வகித்துவரும் மொராக்கோ அங்கே சாலைகளையும் துறைமுகங்களையும் நகரங்களையும் எழுப்பியுள்ளது என்பதும் அவர்களுடைய தொடக்க வாதங்கள். 1991 முதல் ஐ.நா. முயன்றும் பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை, வாக்காளர் யார் என்பதையே முடிவு செய்ய இயலவில்லை என்பது அடுத்த வாதம். மக்கள்தொகை குறைந்த ஒரு பாலைவன நாடு, ஆயுதக் குழுக்கள் நடமாடும் சாஹேல் பகுதிக்கு அருகில் தனித்து நிலைக்காது என்பதும், அதன் விடுதலை இயக்கமான பொலிசாரியோ முன்னணி அல்ஜீரியாவின் கைக்கருவியே என்பதும் அவற்றைத் தொடர்கின்றன. இவற்றுக்கெல்லாம் முத்தாய்ப்பாக, சுயநிர்ணய உரிமை, அதாவது ஒரு மக்களினம் தன் அரசியல் நிலையைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை, தனிநாட்டை மட்டுமே குறிப்பதன்று என்றும், தன்னாட்சியும் அவ்வுரிமையின் ஒரு வடிவமே என்றும் கூறப்படுகிறது.

இவ்வாதங்களுள் கடைசியாகச் சொல்லப்பட்டது சட்டப்படி சரியானது. அதை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மொத்த நிலைப்பாடும் நிற்காது என்பதைக் கீழ்வரும் மறுப்புகள் காட்டும்.

1. வரலாறு மொராக்கோவின் பக்கம் இருக்கிறது என்றால், அந்த வரலாற்றை முழுவதுமாக ஆராய்ந்த நீதிமன்றத்தின் கண்ணுக்கு அது ஏன் தென்படவில்லை?

ஐ.நா. பொதுச்சபை 1974 டிசம்பரில் இதே கேள்வியைத்தான் பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் வைத்தது. ஸ்பெயின் வருவதற்கு முன் இந்நிலத்துக்கும் மொராக்கோ அரசுக்கும், இந்நிலத்துக்கும் மொரிட்டானியப் பகுதிக்கும் இடையே இருந்த சட்டப் பிணைப்புகள் எவை என்பதே கேள்வி. மொராக்கோ தன் ஆவணங்களையெல்லாம் அங்கே வைத்து வாதிட்டது. 1975 அக்டோபர் 16 அன்று வெளியான ஆலோசனைக் கருத்து, அதாவது தீர்ப்பாக இல்லாமல் சட்ட விளக்கமாக நீதிமன்றம் அளிக்கும் முடிவு, சுல்தானுக்கும் அங்கிருந்த பழங்குடிகளுள் சிலருக்கும் இடையே விசுவாசப் பிணைப்பு இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் நிலத்தின் மீதான இறையாண்மைப் பிணைப்பு எதுவும் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், அம்மக்கள் தம் விருப்பத்தைச் சுதந்திரமாக வெளிப்படுத்திச் சுயநிர்ணய உரிமையைப் பயன்படுத்துவதற்குத் தடையாக எந்தப் பிணைப்பும் இல்லை என்றும் தெளிவாகச் சொன்னது. அதே நாளில் மன்னர் இரண்டாம் ஹசன், நீதிமன்றம் தம் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது என்று அறிவித்து, 3,50,000 மொராக்கோ மக்களை எல்லை தாண்டி அனுப்பும் பசுமைப் பேரணிக்கு அழைப்பு விடுத்தார். நவம்பர் 6 அன்று பேரணி எல்லையைக் கடந்தது. பாதுகாப்பு அவை அதே நாளில் 380 ஆம் தீர்மானத்தின் வழியாக அதற்கு வருத்தம் தெரிவித்து, பங்கேற்றவர்களை உடனே திரும்பப் பெறும்படி கோரியது.

நீதிமன்றத்தின் கருத்தைவிடவும் இந்த உரிமைக்கோரலைப் பலவீனமாக்குவது மொராக்கோவின் சொந்த நடத்தையே. 1975 நவம்பர் 14 அன்று மாட்ரிட் நகரில் ஸ்பெயின், மொராக்கோ, மொரிட்டானியா ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 1976 ஏப்ரலில் மொராக்கோவும் மொரிட்டானியாவும் இந்நிலத்தைக் கோடு போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. வடக்கின் பெரும்பகுதி மொராக்கோவுக்கு. தெற்கின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மொரிட்டானியாவுக்கு. 1979 ஆகஸ்டில், பொலிசாரியோவுடனான போரைத் தாங்க முடியாத மொரிட்டானியா தன் உரிமைக்கோரலைக் கைவிட்டு விலகியவுடன், அந்தத் தெற்குப் பகுதியையும் மொராக்கோ தன்னுடையதாக அறிவித்தது. நினைவுக்கு எட்டாத காலம்முதல் தாய்நாட்டின் பிரிக்க முடியாத அங்கமாக இருந்த நிலத்தின் ஒரு பகுதியை எந்த அரசாவது ஒப்பந்தம் எழுதி அண்டை நாட்டுக்குக் கொடுக்குமா, கொடுத்த மூன்றே ஆண்டுகளில் அதுவும் எப்போதும் தன்னுடையதே என்று சொல்லுமா என்னும் கேள்விக்கு வரலாற்று வாதத்தை முன்வைப்போர் இன்றுவரை பொருத்தமான விடை தரவில்லை. மாட்ரிட் உடன்பாடு இறையாண்மையைக் கைமாற்றவில்லை என்றும், நிர்வாகப் பொறுப்பை ஸ்பெயின் தனியாக வேறொருவருக்குக் கைமாற்றியிருக்க முடியாது என்றும் ஐ.நா.வின் சட்டத்துறைத் தலைவர் ஹான்ஸ் கோரெல் 2002 ஜனவரியில் பாதுகாப்பு அவைக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத ஆட்புலங்களின் பட்டியலில், அதாவது காலனி நிலை இன்னும் முடிவுறாத நிலங்களின் பட்டியலில், 1963 இல் சேர்க்கப்பட்ட மேற்கு சஹாரா இன்றும் அதில்தான் இருக்கிறது.

2. தன்னாட்சி சுயநிர்ணயத்தின் ஒரு வடிவம் என்பது உண்மையே. அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதே வழக்கு.

காலனி மக்களுக்கு மூன்று வழிகள் உண்டு என்று 1960 டிசம்பரில் பொதுச்சபையின் 1541 ஆம் தீர்மானம் வகுத்தது: தனிநாடு, மற்றொரு நாட்டுடன் சுதந்திரமான கூட்டு, மற்றொரு நாட்டுடன் இணைப்பு. 1970 இன் 2625 ஆம் தீர்மானம் நான்காவதாக, அம்மக்கள் சுதந்திரமாகத் தீர்மானிக்கும் வேறெந்த அரசியல் நிலையையும் சேர்த்தது. தன்னாட்சியை ஆதரிப்போர் மேற்கோள் காட்டுவது இந்த நான்காம் வழியையே. ஆனால் இணைப்பை நாடும் மக்கள், மாற்று வழிகளை முழுதும் அறிந்த நிலையில், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உள்ள நடுநிலையான நடைமுறையின் வழியாகத் தம் விருப்பத்தைத் தெரிவித்திருக்க வேண்டும் என்று 1541 ஆம் தீர்மானமே நிபந்தனை விதிக்கிறது. வழி எதுவாயினும் அதை மக்கள் தேர்ந்தெடுத்திருந்தால்தான் அது சுயநிர்ணயம். தேர்வு இல்லாத இடத்தில் அது வெறும் நிர்வாக ஏற்பாடு.

2007 ஏப்ரலில் மொராக்கோ அளித்த திட்டத்தை இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும். அதன்படி மேற்கு சஹாராவுக்கு ஒரு பிராந்திய நாடாளுமன்றமும் அரசும் நீதிமன்றங்களும் உண்டு. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், கொடி, மன்னரின் சமய அதிகாரம் ஆகியவை நடுவரசிடம் இருக்கும். பிராந்திய அரசின் தலைவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தாலும் பதவியில் அமர்த்துவது மன்னரே. திட்டத்தின் இறுதி வடிவம் மக்களின் பொதுவாக்கெடுப்புக்கு விடப்படும் என்றும் அதில் உள்ளது. அந்த வாக்கெடுப்பில் தன்னாட்சியை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் என்னவாகும் என்பதற்குத் திட்டத்தில் விடை இல்லை, ஏனெனில் தனிநாடு என்னும் தேர்வு வாக்குச்சீட்டில் இடம்பெறப் போவதில்லை. மொராக்கோவின் 2011 அரசியலமைப்பின் 7 ஆம் பிரிவு, நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டுக்கு ஊறு விளைவிப்பதை நோக்கமாகக் கொண்ட அரசியல் கட்சிகளைத் தடை செய்கிறது. ஆகவே தன்னாட்சிப் பிராந்தியத்தின் தேர்தலில் சுதந்திரத்தைக் கோரும் கட்சி போட்டியிடவே முடியாது. இன்று அம்மக்களுள் பெரும்பாலோர் எதை விரும்புகிறார்கள் என்பது விவாதத்துக்குரியதாகவே இருக்கட்டும். நாளை அவர்கள் எதை விரும்பினாலும் அதைச் சொல்லும் சட்டப்பூர்வ வாய் அவர்களுக்கு இருக்காது என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

தன்னாட்சி வாக்குறுதிகளின் ஆயுள் எவ்வளவு என்பதை ஆப்பிரிக்காவே முன்பு கண்டிருக்கிறது. 1952 இல் ஐ.நா. தீர்மானத்தின்படி எரித்ரியா தனி நாடாளுமன்றம், தனிக் கொடி ஆகியவற்றுடன் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சி முறையில் இணைக்கப்பட்டது. பேரரசர் ஹைலே செலாசி 1962 இல் அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து எரித்ரியாவை மாகாணமாக்கினார். 1961 இல் தொடங்கிய முப்பது ஆண்டுப் போர் 1991 இல் ஓய்ந்த பின், 1993 ஏப்ரலில் ஒரு பொதுவாக்கெடுப்பில்தான் சிக்கல் முடிவுக்கு வந்தது. கூட்டாட்சிக்கு அன்று ஐ.நா. சாட்சியாக இருந்தும் அது கலைக்கப்பட்டதைத் தடுக்க முன்வரவில்லை. மக்களின் ஒப்புதல் இல்லாமல் மேலிருந்து கொடுக்கப்படும் தன்னாட்சியைக் கொடுத்தவரே திரும்பப் பெறும்போது, அதைத் தடுக்கும் உரிமை பெற்றவருக்குச் சட்டத்தில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

3. வாக்காளர்களை அடையாளம் காண முடியவில்லை என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே உண்மையாகக் கருதப்படும் ஒரு கூற்று.

பொதுவாக்கெடுப்பு யாரோ வெளியார் திணித்த கருத்தன்று. 1981 ஜூனில் நைரோபியில் நடந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாட்டில் அதை ஏற்றுக்கொண்டவர் மன்னர் ஹசனே. 1988 ஆகஸ்டில் மொராக்கோ, பொலிசாரியோ ஆகிய இரு தரப்பும் ஐ.நா.வின் தீர்வு முன்மொழிவுகளுக்கு ஒப்புதல் தந்தன. 1991 ஏப்ரலில் பாதுகாப்பு அவையின் 690 ஆம் தீர்மானம் 'மேற்கு சஹாராவில் பொதுவாக்கெடுப்புக்கான ஐ.நா. பணிக்குழு'வை உருவாக்கியது, அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. 1992 தொடக்கத்தில் வாக்கெடுப்பு நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. பொலிசாரியோ துப்பாக்கியைக் கீழே வைத்ததற்கு ஈடாகப் பெற்ற ஒரே வாக்குறுதி இதுதான்.

1974 இல் ஸ்பெயின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 74,000 பேர் பதிவாகியிருந்தனர். அந்தக் கணக்கே வாக்காளர் பட்டியலின் அடித்தளமாக இருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் ஏற்கப்பட்ட கொள்கை. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள், எல்லைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் ஆகியோரையும் சேர்க்க வேண்டும் என்று மொராக்கோ வற்புறுத்தியதன் பேரில் தகுதி விதிகள் ஐந்தாக விரிவுபடுத்தப்பட்டன. 1994 ஆகஸ்டில் அடையாளம் காணும் பணி தொடங்கியது. விண்ணப்பித்த ஒவ்வொருவரும் ஐ.நா. அலுவலர்களின் முன் நேரில் வர வேண்டும். அவர் சார்ந்ததாகச் சொல்லும் பழங்குடிக் கிளையின் மூத்த ஷேக்குகள் இருதரப்பிலிருந்தும் அங்கே அமர்ந்திருப்பார்கள். தந்தை யார், பாட்டன் யார், குடும்பம் எந்த மேய்ச்சல் நிலத்தில் ஒட்டகம் மேய்த்தது என்று விசாரித்து, ஷேக்குகள் வாய்மொழியாகச் சாட்சியம் அளிப்பார்கள். இருவரும் முரண்பட்டால் அலுவலர் ஆவணங்களை வைத்து முடிவு செய்வார். எழுத்தைவிட நினைவால் வாழ்ந்த நாடோடிச் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஒன்றை வகுப்பது கடினம். இடையில் 1996 இல் பணி முடங்கியது. 1997 செப்டம்பரில் ஐ.நா. தூதர் ஜேம்ஸ் பேக்கர் முன்னிலையில் ஹூஸ்டனில் இருதரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டு 2000 ஜனவரியில் பணி முடிவடைந்தபோது, தற்காலிகப் பட்டியலில் 86,386 பேர் தகுதியுள்ள வாக்காளர்களாக இடம்பெற்றனர்.

பட்டியல் உருவாகிவிட்டது, ஆனால் பெரும்பாலும் மொராக்கோ நிறுத்திய விண்ணப்பதாரர்களிடமிருந்து 1,30,000-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் வந்து குவிந்தன. அவை ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டுமானால் அடையாளம் காணும் பணியை ஏறத்தாழ முழுவதுமாக மறுபடியும் செய்ய வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. பாதுகாப்பு அவை தயங்கிப் பின்வாங்கியது. ஒரு தரப்பு மேல்முறையீட்டு உரிமையைத் தடைக்கல்லாகப் பயன்படுத்தியதையும் ஒரு மக்களினத்தை அடையாளம் காண்பதில் உள்ளார்ந்து இருக்கும் இயலாமையையும் ஒன்றாகக் குழப்புவது நேர்மையான ஆய்வாகாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இவ்வாதத்தை முற்றிலும் வீழ்த்துவது. வாக்காளர் சிக்கலைத் தீர்க்கும் நோக்கில் பேக்கர் 2003 இல் தம் இரண்டாவது திட்டத்தை முன்வைத்தார். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் தன்னாட்சி நடைபெறும், அதன் முடிவில் தனிநாடு, இணைப்பு, தன்னாட்சித் தொடர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஐ.நா. பட்டியலில் உள்ளவர்களோடும் அகதிகளோடும், 1999 டிசம்பர் இறுதி முதல் அந்நிலத்தில் தொடர்ந்து வசித்துவரும் மொராக்கோக் குடியேற்றவாசிகளும் வாக்களிக்கலாம். சஹ்ராவிகளுக்கு இது கசப்பான பேரம். தம் நாட்டில் குடியேற்றப்பட்டவர்கள் தம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வாய்ப்பை அவர்கள் ஏற்க வேண்டியிருந்தது. பொலிசாரியோ ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு அவை 2003 ஜூலையில் 1495 ஆம் தீர்மானத்தின் வழியாக அதற்கு ஆதரவு தெரிவித்தது. மொராக்கோ மறுத்தது. தான் அனுப்பிய மக்களே பெரும் எண்ணிக்கையில் வாக்களிக்கவிருந்த தேர்தலையும் அது ஏற்கவில்லை. வாக்குச்சீட்டில் தனிநாடு என்னும் சொல் இருப்பதே அதன் மறுப்புக்குக் காரணம். பேக்கர் 2004 ஜூனில் பதவி விலகினார். யாருக்கு வாக்குரிமை என்பது தடையாக இருந்திருந்தால் 2003 இல் அத்தடை மொராக்கோவுக்கு மிகச் சாதகமான முறையில் நீங்கியிருந்தது. நீங்கிய பின்பும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே தடை வேறெங்கோ இருந்தது.

4. களநிலவரம் மாறிவிட்டது என்னும் வாதம், அந்த நிலவரத்தை உருவாக்கியவருக்கே அதன் பலனையும் கொடுக்கிறது.

1980 முதல் 1987 வரை மொராக்கோ கட்டிய மணற்சுவர், கண்ணிவெடிகளும் படை நிலைகளும் சூழ, ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்நிலத்தை இரண்டாகப் பிளக்கிறது. அதன் மேற்கே கடற்கரையும் நகரங்களும் பூ கிரா பாஸ்பேட் சுரங்கமும் மொராக்கோவிடம். கிழக்கே வெறும் பாலைநிலம் பொலிசாரியோவிடம். போரின்போது தப்பியோடிய சஹ்ராவிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே உள்ள முகாம்களில் வாழ்கின்றனர். 2018 இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் மதிப்பிட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 1,73,600. அந்த முகாம்களுக்கு அவர்கள் வைத்துள்ள பெயர்கள் எல் அயூன், ஸ்மாரா, தாக்லா, அவுசெர்த், பூஜ்தூர். சுவருக்கு அப்பால் அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள் அவை.

சுவருக்கு உள்ளே இன்று பெரும்பான்மையாக இருப்போர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள் என்பதை யாரும் மறுப்பதில்லை. அவர்களுள் பலர் அங்கேயே பிறந்த எளிய மக்கள். அவர்களுடைய குடியுரிமைக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆக்கிரமிக்கும் நாடு தன் குடிமக்களை ஆக்கிரமிப்பு நிலத்தில் குடியேற்றக் கூடாது என்று நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 49 ஆம் பிரிவு தடை விதித்ததன் நோக்கமே, எண்ணிக்கையை மாற்றி உரிமையை மாற்றும் வழியை அடைப்பதாகும். அவ்வழியில் உருவான எண்ணிக்கையை யதார்த்தம் என்று ஏற்றால், போதுமான காலம் பிடித்து வைத்திருக்கும் எந்த ஆக்கிரமிப்பும் தானாகவே சட்டப்பூர்வமாகிவிடும். காத்திருக்கும் வலிமை உள்ளவருக்கு மட்டுமே சட்டம் என்றாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 முதல் இந்த வேறுபாட்டை உறுதியாகப் பேணி வந்திருக்கிறது. மேற்கு சஹாரா மொராக்கோவிலிருந்து வேறான, தனித்த ஆட்புலம் என்றும், அங்கு இப்போது வசிப்போரிடம் கருத்துக் கேட்டது அந்நிலத்தின் மக்களினத்திடம் ஒப்புதல் பெற்றதாகாது என்றும் கூறி, 2024 அக்டோபர் 4 அன்று அது மொராக்கோவுடனான ஒன்றியத்தின் வணிக, மீன்பிடி ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்கில் பொலிசாரியோவின் நிலைப்பாட்டை உறுதி செய்தது. அரசுகள் யதார்த்தம் என்று வாய்மலர்ந்ததை அவற்றின் சொந்த நீதிமன்றமே சட்டமாக ஏற்கவில்லை.

5. நிலைக்காத நாடு, பிறர் கைக்கருவி என்பன போன்ற குற்றச்சாட்டுகள் நீண்ட மறுமொழிக்குத் தகுதியுடையன அல்ல.

மக்கள்தொகை ஏறத்தாழ பத்தாயிரமே உள்ள நவூருவும் துவாலுவும் ஐ.நா. உறுப்பு நாடுகள். உலகின் வளமான மீன்பிடிப் பகுதிகளுள் ஒன்றையும், சுரங்கத்திலிருந்து கடற்கரைவரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளக் கடத்துபட்டையில் பாஸ்பேட் ஓடும் நிலத்தையும் வறியது என்று சொல்வோர், அதை விட்டுக்கொடுக்க மொராக்கோ ஏன் இவ்வளவு மறுக்கிறது என்பதையும் விளக்க வேண்டும். அல்ஜீரியா பொலிசாரியோவுக்கு நிலமும் ஆயுதமும் அரசியல் துணையும் தருவது உண்மை. மொராக்கோவுடனான அதன் பகை அதற்கு ஒரு காரணம் என்பதும் உண்மை. பொலிசாரியோவின் வரலாறும் களங்கமற்றதன்று: முகாம்களில் மாற்றுக் கருத்துடையோர் முன்பு ஒடுக்கப்பட்டனர், மொராக்கோப் போர்க் கைதிகள் பலர் போர் நின்ற பின்பும் பல ஆண்டுகள் சிறையிலேயே வைக்கப்பட்டு, கடைசி 404 பேர் 2005 ஆகஸ்டில்தான் விடுவிக்கப்பட்டனர். இது கண்டனத்துக்குரியது. ஆனால் ஓர் இயக்கத்தின் தவறுகளுக்காக ஒரு மக்களினத்தின் வாக்கைப் பறிப்பது எந்த நீதியிலும் சேராது. பொலிசாரியோ உண்மையில் அல்ஜீரியாவின் நிழல் என்றால், அதை உலகுக்குக் காட்ட இரகசிய வாக்கெடுப்பைவிட உறுதியான வழி மொராக்கோவுக்கு வேறில்லை. நாற்பதாண்டுகளாக அவ்வழியை அது தவிர்த்து வருவதிலிருந்து முடிவை எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

வாக்கெடுப்பு நடந்தால் தனிநாடு நிச்சயம் என்றும், ஆகவே அது சமரசத்துக்கு எதிரானது என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். கியூபெக் 1980 இலும் 1995 இலும், ஸ்காட்லாந்து 2014 இலும், நியூ கலிடோனியா 2018 இலும் 2020 இலும் வாக்களித்து, பிரிய வேண்டாம் என்றே முடிவு செய்தன. மக்களைக் கேட்டால் அவர்கள் எப்போதும் பிரிவையே சொல்வார்கள் என்பது அனுபவத்துக்கு மாறானது. ஆளப்படுவோர்மீது ஆளுவோருக்கு உள்ள அச்சத்தைத்தான் அது காட்டுகிறது.

6. பாதுகாப்பு அவை சொல்லிவிட்டது என்பதே இறுதி வாதம் என்றால், அந்த அவையின் வரலாற்றை வாசிக்க வேண்டும்.

2797 ஆம் தீர்மானத்தின் வாசகமே, அதைக் கொண்டாடுவோர் சொல்வதைவிட எச்சரிக்கையானது. தன்னாட்சி மிகச் சாத்தியமான தீர்வாக அமையக்கூடும் என்கிறது. அமைந்துவிட்டது என்று சொல்லவில்லை. மேற்கு சஹாரா மக்களின் சுயநிர்ணயத்துக்கு வழிசெய்யும், இருதரப்பும் ஏற்கும் தீர்வு வேண்டும் என்னும் பழைய நிபந்தனையையும் அது விட்டுவிடவில்லை. சுயநிர்ணய உரிமை எல்லா நாடுகளுக்கும் எதிராகச் செல்லுபடியாகும் உரிமை என்று பன்னாட்டு நீதிமன்றம் 1995 இல் கிழக்குத் திமோர் வழக்கில் அறிவித்தது. 2019 பிப்ரவரியில் சாகோஸ் தீவுகள் குறித்த கருத்திலும் அதை உறுதி செய்தது. பதினைந்து நாடுகள் அமர்ந்து பேசி, ஒரு மக்களினத்துக்குரியதை அதன் ஒப்புதல் இல்லாமல் பிறருக்குக் கொடுத்துவிட முடியாது.

கிழக்குத் திமோர் இங்கே மிகவும் பொருந்தும் முன்னுதாரணம். மேற்கு சஹாராவுக்குள் பசுமைப் பேரணி நுழைந்த ஒரு மாதத்தில், 1975 டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியா கிழக்குத் திமோரைப் படையெடுத்துப் பிடித்தது. அதுவும் ஐரோப்பியக் காலனி ஒன்று கைவிடப்பட்ட நேரம். அங்கும் அண்டை அரசு அந்நிலத்தைத் தன் பகுதி என்று அறிவித்தது. அங்கும் உலகின் பெரிய அரசுகள் நிலைமை மாறிவிட்டது, திரும்ப முடியாது என்றன. ஆஸ்திரேலியா இணைப்பைச் சட்டப்படி அங்கீகரித்துத் திமோர்க் கடலின் எண்ணெய் வளத்தை இந்தோனேசியாவுடன் பங்கிட ஒப்பந்தம் செய்தது. 1999 இல் இந்தோனேசியாவே சிறப்புத் தன்னாட்சித் திட்டம் ஒன்றை முன்வைத்தது. அதை யதார்த்தம் என்று சொல்லி மக்கள் தலையில் கட்டாமல், ஐ.நா. அதை வாக்குச்சீட்டில் அச்சிட்டு, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்டது. மறுத்தால் தனிநாடு என்பதும் அச்சீட்டிலேயே இருந்தது. ஆகஸ்ட் 30 அன்று, மிரட்டலுக்கும் வன்முறைக்கும் நடுவே, பதிவு செய்த வாக்காளர்களுள் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வந்து வாக்களித்தனர், 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சியை மறுத்தனர். இருபத்து நான்கு ஆண்டுகளாகத் திரும்ப முடியாதது என்று சொல்லப்பட்ட நிலைமை ஒரே நாளில் திரும்பியது.

இந்த நெறியை முன்பு உணர்ந்திருந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. பொலிசாரியோ நிறுவிய சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசை 1985 இல் அங்கீகரித்த இந்தியா, 2000 இல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாஸ்பேட் உரத்தை நம்பி வேளாண்மை நடத்தும் ஒரு நாட்டுக்கு மொராக்கோவுடனான உறவு இன்றியமையாதது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. எனினும் காலனி ஆட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற ஒரு குடியரசு, ஆப்பிரிக்காவில் எஞ்சியுள்ள மிகப்பெரிய காலனி வழக்கில் மௌனமாக இருப்பது வருத்தத்துக்குரியது.

பணிக்குழுவின் ஆணைக்காலம் 2026 அக்டோபர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்குள் செய்யக்கூடியது சிக்கலானதன்று. மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தை, அதன் முழு விவரங்களோடும், வாக்குச்சீட்டின் ஒரு தேர்வாக வைக்கலாம். தனிநாட்டை மற்றொரு தேர்வாக வைக்கலாம். 2000 ஜனவரியின் 86,386 பேர் பட்டியலை அடித்தளமாகக் கொண்டு, அவர்களுள் இறந்தவர்களை நீக்கி, வயது வந்த அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்க்கலாம். குடியேற்றவாசிகள் வாக்களிப்பது பற்றிப் பேக்கரின் 2003 வரைவு முன்னமே ஒரு சமரசத்தை எழுதி வைத்திருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் மணற்சுவரின் இருபுறமும் மனித உரிமைகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தைப் பணிக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அந்த அதிகாரம் அதற்கு இன்றுவரை வழங்கப்படவில்லை. 1974 கணக்கெடுப்பில் பதினெட்டு வயதில் பதிவானவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டனர், ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் அந்தப் பட்டியலிலிருந்து பெயர்களை அழித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே பாதுகாப்பு அவை அடுத்த முறை கூடும்போது ஆணைக்காலத்தை மட்டும் நீட்டாமல், வாக்கெடுப்புக்கான தேதியையும் குறிக்க வேண்டும்.